மறு: குதிரை கறக்கும் நேரத்துக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கசாக் மொழியில் குதிரை கறக்கும் நேரம், பால் காயும் நேரம் என்று ஒரு செயலை வைத்து நேரத்தை அளக்கும் சொற்கள் உண்டு. அவற்றுக்குப் பொதுப்பெயராக வந்த 'நிகழ்ச்சிசார் கால அலகு' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். பொருள் சரிதான், ஆனால் கட்டுரையில் நாலு இடத்தில் வந்தால் வாசிப்பவர் களைத்துவிடுவார். அதைவிட அதிலுள்ள 'காலம்' என்ற சொல் உறுத்துகிறது, வினைச்சொல்லின் காலத்தையும் அதே சொல்லால்தானே குறிக்கிறோம். கசாக் இலக்கணத்தில் இறந்தகாலம் 'ஒத்கென் ஷக்'. அதையும் இதையும் ஒரே பக்கத்தில் எழுத நேர்ந்தால் குழப்பம் நிச்சயம்.

எதற்குப் பெயர் தேடுகிறோம்? கசாக், துருக்கி முதலான துருக்கிய மொழிகளில் நேரத்துக்கான பொதுச்சொற்கள் பலவும் இரவல். கசாக்கின் 'உவகித்', துருக்கியின் 'வகித்' இரண்டும் அரபு. வாரத்தைக் குறிக்கும் 'ஹஃப்தா' பாரசீகம். துருக்கியருக்குக் கிழமைப் பெயர்களே இல்லை, வாரம் இஸ்லாத்தோடு வந்தது என்று 11ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிகளுக்கு அகராதி தொகுத்த மஹ்மூத் காஷ்கரியே எழுதியிருக்கிறார். 732ஆம் ஆண்டின் பழந்துருக்கியக் கல்வெட்டான குல் தெகின் கல்வெட்டில் நேரத்துக்கு 'ஒத்' என்று இருக்கிறது. இன்றைய துருக்கி மொழியில் அந்த ஒலிக்குப் பித்தநீர் என்று பொருள்!

ஆனால் மேய்ச்சல் வாழ்க்கையின் அளவுகள் கசாக்கில் சொந்தச் சொற்களாகவே நிற்கின்றன. 'பியெ சவும்' என்றால் பெண்குதிரையை ஒருமுறை கறந்து மறுமுறை கறக்கும் வரையான நேரம். அதன் மடி சிறியது, அதனால் ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை கறந்தாக வேண்டும். 'சூத் பிசிரிம்' பால் காயும் நேரம். 'எத் பிசிரிம்' இறைச்சி வேகும் நேரம். கண் சிமிட்டும் நேரம் 'கஸ் ககும்'. எல்லாவற்றிலும் வினையடியோடு 'இம்', 'உம்' போன்ற ஒரு விகுதி சேர்கிறது. 'ச(வ்)' என்றால் கற, 'சவும்' என்றால் ஒரு கறப்பு. வேலையே அளவுகோல்.

ஆகவே என் பரிந்துரை 'வினைப்பொழுது'. செயல், வினைச்சொல் இரண்டையும் 'வினை' தாங்கும். பொழுது என்றால் மாலை, யாமம் போல நாளின் ஒரு பகுதிதானே, கால நீளம் ஆகுமா என்று கேட்கலாம். திருவாசகத்தின் 'இமைப்பொழுதும்' நீளத்தைத்தானே சொல்கிறது? 'கஸ் ககும்' என்பதற்கு அதையே அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'மாத்திரை'யையும் யோசித்தேன். தொல்காப்பியம் அதைக் கண்ணிமையாலும் கைநொடியாலும்தான் அளக்கிறது. ஆனால் இன்று மாத்திரை என்றால் மருந்துக்கடைதான் நினைவுக்கு வரும்.

உட்பிரிவுகளுக்குக் கறப்புப்பொழுது, பால்காய்பொழுது என்று போகலாம். 'கறவைப்பொழுது' வேண்டாம், கறவை என்றால் மாடு.

அப்புறம், பன்னிரண்டு விலங்காண்டுச் சுழற்சியான 'முஷெல்' இந்தத் தலைப்பில் வராது. அது எந்த வேலையாலும் அளப்பதல்ல. அதைத் தனி இழையில் பேசலாம்.