72 நிமிடமா, 75 நிமிடமா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. ஜேம்ஸ் வேல் 1935இல் இயக்கிய 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்குத் தமிழில் வசனவரி (சப்டைட்டில்) எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் படத்தைவிட இரண்டாம் பாகம் ஒரு படி மேல் என்பது என் கட்சி. கண் தெரியாத முதியவர் வயலின் வாசிக்க, பூதமாக நடிக்கும் போரிஸ் கார்லாஃப் பேசக் கற்றுக்கொள்ளும் காட்சியில் இன்றும் கண் கலங்கிவிடுகிறது. பூதப்படம் பார்த்து அழுகிற ஆள் நான் ஒருவன்தானோ!

சரி, சிக்கலுக்கு வருகிறேன். படம் 75 நிமிடம். என் பழைய டிவிடி 72 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காட்சி எதுவும் வெட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் வசனவரி ஆரம்பத்தில் பொருந்தி, போகப் போகப் பின்தங்குகிறது. வெட்டு என்றால் ஓரிடத்தில் சட்டென்று தாவியிருக்குமே? நொடிக்கு 24 சட்டகமாக (ஃபிரேம்) ஓட வேண்டிய படத்தை டிவிடியில் 25 ஆக ஓட்டியதால் வந்த வினை என்று சந்தேகம். ஃபிரான்ஸ் வாக்ஸ்மனின் இசைகூடக் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறது.

ப்ளூரே வைத்திருப்பவர்கள், முதியவர் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி முடிகிறது என்று பார்த்துச் சொல்வீர்களா? அப்புறம், வசனவரி முழுவதன் நேரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்க எளிதான மென்பொருள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கைபேசியில் ஓடினால் இன்னும் நல்லது.