புதுப்பிப்பு: காரைக்குடி கடைக் கணினியில் டெபியன் மீண்டது

காரைக்குடியில் அண்ணனின் கண்டாங்கிச் சேலைக் கடைக் கணினியில் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) அப்டேட் பாதியில் நின்று, 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' (இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு மதிப்பு பொருந்தவில்லை) என்றே திரும்பத் திரும்ப வருவதாக எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இணையத்தில்தான் கோளாறு என்று பலர் சொன்னீர்கள். நியாயமான சந்தேகம்தான். போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கியும் அதே கதை. ஆனால் ஒரே பொதியை (மென்பொருள் பேக்கேஜ்) மறுபடி மறுபடி இறக்கி எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு மதிப்பைக் கணக்கிட்டால், ஒவ்வொரு முறையும் வேறு மதிப்பு! நடுவில் ஒரு பிராக்சி (இடைநிலை சர்வர்) பழைய கோப்பைத் தந்தால், தவறான மதிப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மாறிக்கொண்டே இருந்தால் ராமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டியதும் திரையில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் இறங்க ஆரம்பித்தன. இரண்டு ராம்களில் ஒன்று கெட்டுப்போயிருந்தது, கழற்றிவிட்டேன்.

அப்புறம் வேலை சுலபம். லைவ் யூஎஸ்பியில் (டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ்) பூட் செய்து, டிஸ்கின் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே. பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியில், இறக்கிய பொதிகளை நீக்க ஆப்ட் கிளீன் கொடுத்து, பொதிப் பட்டியல் கோப்புகளையும் அழித்து, மறுபடி அப்டேட். பிறகு பாதியில் நின்ற நிறுவலை முடிக்க டிபிகேஜி கான்ஃபிகர், ஃபிக்ஸ் புரோக்கன் கட்டளைகள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆப்ட் சரிபார்ப்பது இறக்கிய பொதியைத்தான். பிரித்து டிஸ்கில் எழுதும்போது ராம் கெடுத்தால் அதற்குத் தெரியாது. நிறுவிய கோப்புகளைச் சரிபார்க்கும் டெப்சம்ஸ் ஓட்டியபோது, ஏற்கெனவே நிறுவியிருந்த சில கோப்புகளும் பொருந்தவில்லை. அந்தப் பொதிகளை ரீஇன்ஸ்டால் செய்தேன்.

கடையின் பில் கோப்புகளுக்கு டெப்சம்ஸ் உதவாது. அவற்றைப் பழைய பேக்கப்போடு அண்ணனும் நானும் ஒப்பிட்டு வருகிறோம்.