புதுப்பிப்பு: அம்மாவின் அமெரிக்க விசா கைக்கு வந்துவிட்டது

அம்மாவின் பி1/பி2 (சுற்றுலா, வணிகப் பயண) விசா முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, டிராப்பாக்ஸில், அதாவது நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் கொடுத்து, புதுப்பிக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடியாது. விசா முடிந்து 48 மாதம் வரை இப்படிப் போடலாம் என்று சிலர் சொன்னது பழைய கணக்கு. 2025 பிப்ரவரியில் அது 12 மாதமாகிவிட்டது. அதே வருஷம் செப்டம்பர் 2 முதல் 79 வயது தாண்டியவர்களுக்கு இருந்த நேர்காணல் சலுகையும் போய்விட்டது. தாத்தா பாட்டிக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

185 டாலர் கட்டினோம். கைரேகைக்கு ஒரு நாள், சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். போட்டோவில் கண்ணாடி கூடாது. செல்போன் உள்ளே விடமாட்டார்கள், அதனால் வெளியே நான் காவல்.

வீட்டுப் பத்திரம், எஃப்.டி ரசீது என்று அம்மா ஒரு தடித்த ஃபைல் கொண்டுபோனார். யாரும் அதைத் தொடவே இல்லை. தமிழிலேயே பேசலாம் என்றதும் பயம் போய்விட்டதாம். யாரைப் பார்க்கப் போறீங்க, எத்தனை நாள் இருப்பீங்க, போன தடவை எப்போ திரும்பினீங்க, அவ்வளவுதான். "பேத்திக்குக் காது குத்தணும்"னு வேறு சேர்த்துச் சொல்லியிருக்கிறார், கேட்காமலே!

பத்து வருஷ விசா. அடுத்தது அப்பாவுக்கு. அவருடையது முடிந்து இன்னும் 12 மாதம் ஆகவில்லை, டிராப்பாக்ஸ்தான் போடப்போகிறோம். அதிலும் அதிகாரி நினைத்தால் நேர்காணலுக்குக் கூப்பிடலாம்.