32 மாணவர், 8 குரோம்புக், தள்ளாடும் வைஃபை: அறிவியல் பாடத்தில் இணையத்தை எப்படிப் பயன்படுத்துவது?

செந்தூல்_டீச்சர் (கேள்வி)

வணக்கம். ஆண்டு 5 அறிவியல், 32 மாணவர்கள். பள்ளியில் 8 குரோம்புக் (கூகுளின் குரோம் இயங்குதள மடிக்கணினி), ஓர் எல்சிடி படவீழ்த்தி இருக்கின்றன. வகுப்பில் வைஃபை வேகம் நொடிக்கு 6 மெகாபிட் தாண்டுவதில்லை. அடுத்த வாரம் மின்சுற்றுப் பாடம், இரண்டு பாடவேளை, மொத்தம் 60 நிமிடம். "இணையத்தில் தேடுங்கள்" என்று விட்டால் உள்நுழைவதிலேயே 20 நிமிடம் போகிறது. அப்புறம் ஆளுக்கொரு காணொளியைத் திறப்பார்கள், எல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கும். கடைசியில் கையில் வருவது எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய ஒரு பத்திதான். எப்படி ஒழுங்குபடுத்தலாம்?

பிறை_சார்

டீச்சர், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். யூடியூப் 480பி தரத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 1.1 மெகாபிட் வேண்டும், 720பி என்றால் 2.5. எட்டுக் கருவியும் 480பியில் ஓடினாலே 8.8 ஆகிறது, உங்களிடம் இருப்பது 6. சுற்றத்தான் செய்யும். ஆகவே காணொளி எல்சிடியில் மட்டும், ஒன்றே ஒன்று. அதையும் கூகுள் ஸ்லைட்ஸில் செருகி, வடிவமைப்புப் பகுதியில் தொடங்கும் நொடியும் முடியும் நொடியும் கொடுத்து 90 விநாடிக்குள் நறுக்கிவிடுங்கள். பக்கத்தில் வரிசை கட்டும் வேறு காணொளிகளும் கண்ணில் படாது.

மின்சுற்றுக்குக் காணொளியே தேவையில்லை என்பேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில், திரையிலேயே மின்சுற்று கட்டிப் பார்க்கும் பாவனைக்கருவி இருக்கிறது. இலவசம். அந்தப் பக்கத்திலேயே பதிவிறக்கும் குறி உண்டு. ஒரே கோப்பாக வரும், பிறகு இணையமே இல்லாமல் குரோமில் திறக்கும். பென்டிரைவில் எடுத்து எட்டிலும் போட்டுவிடுங்கள். பள்ளிக் கணக்கில் இப்படிப்பட்ட கோப்பைத் திறக்கத் தடை இருக்கலாம், அதனால் முந்தின நாளே ஒன்றில் சோதித்துப் பாருங்கள்.

நான்கு பேருக்கு ஒரு கருவி. ஒருவர் இயக்க, ஒருவர் படம் வரைய, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் படிகளை வாசிக்க, 7 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறட்டும். கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் புத்தகத்தில் பதில் எழுதியாக வேண்டும்: "இரண்டு பல்பில் ஒன்றைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும்?" இது இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டாகிவிடும்.

நீங்கள் சரிபார்க்க எண்கள்: அதில் மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம். ஒரே பல்பு என்றால் 0.9 ஆம்பியர். தொடரில் (ஒரே பாதையில் அடுத்தடுத்து) இரண்டு பல்பு போட்டால் 0.45. இணைக்கரையில் (பல்புக்கு ஒரு தனிப் பாதை) ஒவ்வொன்றிலும் 0.9, மின்கலத்திலிருந்து 1.8. மாணவர்களுக்கு வெளிச்சத்தின் வேறுபாடு போதும்.

தவறு நடக்கும் இடம்: பல்பில் இரண்டு முனை உண்டு, பிள்ளைகள் இரண்டு கம்பியையும் ஒரே முனையில் மாட்டிவிட்டு "பல்பு கெட்டுப்போச்சு டீச்சர்" என்பார்கள். இன்னொன்று, மின்கலத்தின் இரு முனையையும் வெறுங்கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். ஒருவன் கண்டுபிடித்தால் எட்டுக் குழுவும் அதைத்தான் செய்யும். ஒரு நிமிடம் விட்டுவிட்டு, குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

பிறகு அசல் பல்பு. 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, 2.5 வோல்ட் பல்பு இரண்டு. தொடரில் போடும்போது ஒன்று சற்று மங்கலாக எரியக்கூடும். உடனே "முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிட்டது" என்ற முடிவுக்கு வருவார்கள். இரண்டையும் இடம் மாற்றுங்கள். மங்கலும் அந்தப் பல்போடு சேர்ந்து நகர்ந்தால் குறை பல்பில்தான்.

ஜார்ஜ்டவுன்_ஆசிரியை

சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தைத் தின்பது பெரும்பாலும் டெலிமா (மலேசியக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கடவுச்சொல். முதல் நாளே எட்டுக் கருவியிலும் குழுவுக்கு ஒருவராக நுழைய வைத்துப் பாருங்கள். மறந்தவர் பட்டியலைப் பள்ளியின் டெலிமா பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடலாம். கூகுள் பாரம் (Google Forms, இணைய வினாப்படிவம்) தயாரித்தால் அமைப்புகளைக் கட்டாயம் பாருங்கள்: பள்ளிக் கணக்கில் உருவாக்கும் பாரம் நம் பள்ளிக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் என்றுதான் வழக்கமாக வரும். அம்மாவின் கைப்பேசியில் வேறு ஜிமெயிலோடு திறக்கும் பிள்ளைக்கு "அனுமதி இல்லை" என்று நின்றுவிடும்.

தேடுவதற்கு வருகிறேன். நம் பாடநூல் "இணைக்கரை மின்சுற்று" என்கிறது. தமிழ்நாட்டுப் பக்கங்களில் "பக்க இணைப்பு", இலங்கைப் பக்கங்களில் "சமாந்தரச் சுற்று". பாடநூல் சொல்லை மட்டும் தட்டிவிட்டு "தமிழில் ஒன்றுமே இல்லை" என்று பிள்ளைகள் கைவிடுவது இதனால்தான். மூன்று சொல்லையும் வெண்பலகையில் எழுதிப்போடுங்கள்.

வெட்டி ஒட்டுவதைத் தடுக்க, இரண்டு பக்கங்கள் முரண்படும் கேள்வியைக் கொடுக்க வேண்டும். "பினாங்குப் பாலத்தின் நீளம் என்ன?" என்று கேளுங்கள். சிலருக்கு 13.5 கிலோமீட்டர் வரும், சிலருக்கு 8.4. இரண்டும் சரி, முதலாவது மொத்த நீளம், இரண்டாவது கடலுக்கு மேல் உள்ள பகுதி. 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தின் 24 கிலோமீட்டரும் இடையில் வந்து கலக்கும். ஏன் வேறுபடுகிறது என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் ஒட்டுவதற்குப் பத்தி கிடைக்காது. தமிழ்த் தட்டச்சு தடுமாறினால் கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சு இருக்கிறது, மொழிப் பட்டியலில் மலேசியத் தமிழ் தனியாக உண்டு. எட்டுக் குழுவும் ஒரே நேரத்தில் பேசினால் மட்டும் அது குழம்பிப்போகும். நடைபாதையில் நின்று பேசட்டும்.

செந்தூல்_டீச்சர்

நன்றி சார், நன்றி டீச்சர். மழை பெய்தால் வைஃபை அறவே போய்விடுகிறது. அப்போது தேடல் பகுதியை என்ன செய்வது?

பிறை_சார்

கிவிக்ஸ் (Kiwix), இணையமில்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் செயலி. தமிழ் விக்கிப்பீடியாவை வீட்டில் பதிவிறக்கி மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். படமில்லாத பதிப்பு இடம் குறைவு, ஆனால் அறிவியலுக்குப் படத்தோடு உள்ளதே நல்லது. கிவிக்ஸில் உள்ளக வழங்கியை (பக்கங்களைப் பக்கத்துக் கருவிகளுக்கு அனுப்பும் லோக்கல் சர்வர்) தொடங்கினால் ஒரு முகவரி காட்டும், கடைசியில் 8080 என்று இருக்கும். மடிக்கணினியின் ஹாட்ஸ்பாட்டில் குரோம்புக்குகளைச் சேர்த்து அந்த முகவரியைத் தட்டினால் பக்கம் வரும்.

இரண்டு இடத்தில் மாட்டும். வேறு எந்த இணைப்பும் இல்லாதபோது விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டைத் தொடங்கவே விடாது. உங்கள் கைப்பேசியை யுஎஸ்பி வழியாக இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அடுத்து, முதல்முறை விண்டோஸின் தீச்சுவர் (ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பு) அனுமதி கேட்கும்போது தவறி மறுத்துவிட்டால் எந்தக் குரோம்புக்கிலும் பக்கம் திறக்காது. ஹாட்ஸ்பாட் 8 கருவிக்கு மேல் ஏற்காது, உங்களுக்குச் சரியாக எட்டு. உங்கள் இன்னொரு கைப்பேசி ஏற்கெனவே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.