பையர் ஆடிட்டால் யாருக்கு லாபம்?

நொய்யல்கரை:
திருப்பூரில் எங்கள் தையல் கம்பெனியில் இந்த வாரம் ஆடிட், அதாவது தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும் சோதனை. துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வருகிறார் என்றதும் தண்ணீர் டேங்கைக் கழுவியாச்சு, அவசர வழியை அடைத்துக் கிடந்த பண்டல்களும் மாயம். காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கும் ஒன்றரை ஷிப்ட் மட்டும் ரெஜிஸ்டரில் எட்டு மணி நேரமாகவே இருக்கிறது. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். எங்களுக்கு அரை ஷிப்டுக்கு அரைச் சம்பளம்தான்.

கட்டிங்மாஸ்டர்:
எல்லாப் பழியும் முதலாளி தலையிலா? நானும் பத்து இருபது மெஷின் போட்டு, பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் எடுப்பவன்தான். ஆடிட் ஆள் 'சம்பளத்தை ஒழுங்காகக் கொடு' என்பார். அதே பிராண்டின் பர்சேஸ் ஆள் பீஸுக்கு இன்னும் குறைக்கச் சொல்வார். மறுத்தால் ஆர்டர் டாக்கா போய்விடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் எங்களிடம்தானே தள்ளுபடி கேட்டார்கள்?

செக்கிங்டேபிள்:
டாக்கா என்றதால் சொல்கிறேன். 2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்தில் சாவாரில் தையல் கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து விழுந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல். அந்தக் கட்டிடத்திலிருந்த வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது, தையல்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரவைத்தார்கள். 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே ஆடிட் பாஸான கம்பெனிகளும் இருந்தன! அப்புறம்தான் பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி செல்லும் ஒப்பந்தம் போட்டன. ஆடிட் வேறு, ஒப்பந்தம் வேறு, அண்ணா.

கட்டிங்மாஸ்டர்:
சரி, போட்டார்கள். தீத்தடுப்புக் கதவுக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் பெரும்பாலும் யார் பணம்? கம்பெனிக்காரன் பணம். பீஸ் விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

நொய்யல்கரை:
அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021-ல் ஒரு பெண் தொழிலாளி கொலையான பிறகு, 2022-ல் அங்கே பெண்களின் பாதுகாப்புக்கான ஒப்பந்தத்தில் சங்கம், கம்பெனி, துணி பிராண்டான எச் அண்ட் எம் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். லைனில் உட்காரும் பெண்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். சூப்பர்வைசர் கை நீட்டினால் புகார் போக வழி வந்தது. வருஷத்துக்கு ஒருநாள் வரும் ஆளுக்கு அது தெரியவருமா?

கட்டிங்மாஸ்டர்:
பெரிய கம்பெனிக்குச் சரி. என் பட்டறை பையர் கணக்கிலேயே கிடையாதே! பில் எக்ஸ்போர்ட்டர் பேரில். ஆடிட் வாரத்தில் எனக்குத் தைக்கிற பண்டலே வராது.

செக்கிங்டேபிள்:
அதைத்தான் கேட்கிறேன். உங்களிடம் தைக்கிறவர்கள் யாரிடம் புகார் சொல்வது?

கட்டிங்மாஸ்டர்:
என்னிடம்தான். வேறு யார் இருக்கிறார்கள்?