கும்பகோணம் – நீடாமங்கலம் கற்பனை ரயில் பாதை: உயரம் ஏன் குதிக்கிறது?

கரையோரம்: வலங்கைமான் வழியாக கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு ரயில் பாதை வரைகிறேன். எஸ்ஆர்டிஎம் தரவை (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த நில உயரம், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி) போட்டால் வயற்காடெல்லாம் மேடும் பள்ளமுமாக வருகிறது. ஏற்றம், வளைவுக்கு என்ன அளவு வைக்கலாம்?

லூப்லைன்: அது மேடு இல்லை, தென்னந்தோப்பு! அந்த ரேடார் மரத்தையும் கூரையையும் சேர்த்தே அளக்கும். தோப்பு, ஊர் மேல் விழும் புள்ளிகளை நீக்கிவிட்டு வயல் புள்ளிகளை மட்டும் இணையுங்கள். ஏற்றம் 200-க்கு 1 (200 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) வைக்கலாம். நிலையத்துக்குள் 400-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது, 1200-க்கு 1 நல்லது. வளைவு 2 டிகிரி, அதாவது ஆரம் 875 மீட்டர்.

செமாபோர்: டெல்டாவில் ஏற்றம் பெரிய விஷயமே இல்லைங்க, ஆறுதான் தலைவலி. ஆறுகள் கிழக்கே ஓட, நீங்கள் தெற்கே போகிறீர்கள். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று வரிசையாகக் குறுக்கிடும். பாலத்துக்காகத் தண்டவாளம் 4 மீட்டர் உயர்ந்தால், 200-க்கு 1 கணக்கில் இருபுறமும் 800 மீட்டர் சரிவு வேண்டும். இரண்டு பாலங்களுக்கு இடையே 1.6 கி.மீ. இல்லையென்றால் இறங்கி ஏறாமல் உயர்த்திய மண்கரைமேலேயே போங்கள். ஆனால் அந்த மண்கரை வயல் தண்ணீரை மறிக்கும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் சிறுபாலம் போடாவிட்டால் ஐப்பசி மழைக்கே பயிர் மூழ்கிவிடும்.

லூப்லைன்: நீடாமங்கலத்தில் தஞ்சாவூர் – திருவாரூர் பாதையோடு எந்தப் பக்கம் சேர்கிறது என்றும் பாருங்கள். தஞ்சாவூரைப் பார்த்துச் சேர்த்தால் திருவாரூர் போகும் வண்டிக்கு இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும்.