ஸ்பிரிண்ட் எங்களுக்கு ஒத்துவரவில்லை, வேறு என்ன செய்யலாம்?

கடலூர்_தேவ்: நாங்கள் ஆறு பேர், கடைகளுக்கு ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள் செய்கிறோம். இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கான வேலையை முன்பே தீர்மானித்து எடுத்து முடிக்கும் ஸ்க்ரம் முறை. கடைகள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) தாக்கல் செய்யக் கடைசி நாள் மாதம் 11ஆம் தேதி, 3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) 20ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பே "கணக்கு உதைக்குது சார்" என்று போன் வர ஆரம்பித்துவிடும். போன ஸ்பிரிண்டில் எடுத்த 14 டிக்கெட்டில் (வேலைகளில்) முடிந்தது 5. பேசாமல் வாட்டர்ஃபாலுக்கு, அதாவது ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்ற முறைக்கு, போய்விடலாம் என்கிறார் மேனேஜர்.

பழைய_கோபால்: சரியாகத்தான் சொல்கிறார். வரி விதியை அரசாங்கமே எழுத்தில் தருகிறது. தேவையை எழுதி, ஒப்புதல் வாங்கி, கோடு (நிரல்) எழுதி, சோதித்துக் கொடுங்கள். ஸ்க்ரமில் செய்வதுபோல் தினமும் காலையில் நின்றுகொண்டு பேசினால் விதி மாறிவிடுமா?

நித்யா_டெஸ்டர்: கோபால் சார், 1970இல் அந்தப் படிப்படியான படத்தைப் போட்ட வின்ஸ்டன் ராய்ஸே, சோதனை கடைசியில் வருவதால் இது ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். எல்லாரும் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் மாட்டுவது டெஸ்டர்.

பழைய_கோபால்: ஆவணம் எழுது, எழுது என்று அவர் அடித்துச் சொன்னதையும் படியுங்கள் மேடம். உங்கள் ஸ்க்ரம் டீமில் ஆவணம் எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப்பில்.

ரவி_ஸ்க்ரம்: ஆறு பேர் நேரத்தையும் முழுசாக நிரப்பிவிட்டு ஸ்க்ரமைத் திட்டினால் எப்படி? இரண்டு பேரை சப்போர்ட்டுக்கு விட்டுவிட்டு, நான்கு பேருக்கு மட்டும் பிளான் போடுங்கள்.

கடலூர்_தேவ்: பார்த்தாச்சு அண்ணே. வரிக் கணக்குக் கோடு தெரிந்தவர் ஒருத்தர்தான். யார் போனை எடுத்தாலும் அவர் மேசைக்குத்தான் போகிறது.

நித்யா_டெஸ்டர்: அப்போ கான்பான் போங்கள்: வேலைகளை அட்டையாக போர்டில் ஒட்டி, ஒரு பகுதியில் எத்தனை அட்டை நிற்கலாம் என்று வரம்பு வைக்கும் முறை. போர்டில் "சோதனை" பகுதியில் இரண்டு அட்டைக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்றாவதுக்குக் கோடு எழுதி முடித்தவர் புது வேலை எடுக்காமல் வந்து சோதிக்கட்டும். வரி அவசரத்துக்குத் தனி வரிசை, அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அந்த ஒருத்தர் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வையுங்கள்.

ரவி_ஸ்க்ரம்: "எப்போ தருவீங்க?" என்று வாடிக்கையாளர் கேட்டால்?

நித்யா_டெஸ்டர்: ஒவ்வொரு அட்டையிலும் எடுத்த தேதி, முடித்த தேதி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்துவிடும். 14க்கு 5 முடித்த ஸ்பிரிண்ட் மட்டும் தேதி சொன்னதா?

கடலூர்_தேவ்: சரி, இந்த மாதம் போர்டு மாட்டுகிறோம். வரி விதி மாறும்போது மட்டும் கோபால் சார் சொல்வதுபோல் முதலில் எழுதி, ஆடிட்டரிடம் காட்டிவிட்டுத்தான் கோடு.

பழைய_கோபால்: 20ஆம் தேதி தாண்டியதும் வந்து சொல்லுங்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.